408 வெற்றிகளை எப்படிப் படிப்பது? எடி ராபின்சனை வைத்து ஒரு விளக்கம்

489, 409, 408, 323. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் நெடுங்காலம் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இந்த எண்களில் ஏதாவது ஒன்று கட்டாயம் வந்து விழும். முதல் எண் ஜான் கலார்டியுடையது, இரண்டாவது ஜோ பட்டர்னோவுடையது, மூன்றாவது எடி ராபின்சனுடையது, நான்காவது ‘பேர்’ பிரையன்ட்டுடையது. வாழ்நாளில் அவரவர் கணக்கில் ஏறிய வெற்றிகள் இவை. உடனே ஒருவர், “அப்படியானால் கலார்டிதான் பெரிய ஆள்” என்று தீர்ப்புச் சொல்வார். இன்னொருவர், “அவர் மோதியதெல்லாம் சின்னக் கல்லூரிகளோடு” என்பார். சண்டை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்தச் சண்டையில் பொதுவாக விடுபட்டுப் போவது, அந்த எண்கள் எதை எண்ணுகின்றன என்பதுதான். ஒரு பயிற்சியாளரின் வெற்றிக் கணக்கில் அவருடைய மூளை மட்டும் இல்லை. யாரையெல்லாம் அணிக்குச் சேர்க்க அவருக்கு வழி இருந்தது, யாரோடு மோத அவரை விட்டார்கள், எண்ணிக்கையை எந்த விதியை வைத்து எழுதினார்கள் என்பதும் அதற்குள் கிடக்கிறது. இதை விளக்க எடி ராபின்சனைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை. லூயிசியானா மாநிலத்தின் கிராம்ப்ளிங் என்ற சிற்றூரில், ஒரே கல்லூரியில், 1941 முதல் 1997 வரை இருந்தவர்.

முதலில் ஆட்டம்

நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அதற்குள் 10 கெஜம் முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு. எதிரணியின் கடைசிக் கோட்டைப் பந்தோடு தாண்டினால் 6 புள்ளி. அதற்கு டச்டவுன் என்று பெயர். ஒவ்வொரு முயற்சியையும் தொடங்கி வைப்பவர் க்வார்ட்டர்பேக். பந்து அவர் கைக்குத்தான் முதலில் வரும். ஓடுபவரிடம் கொடுப்பதா, தூரத்தில் இருப்பவருக்கு எறிவதா என்பதை அவர் செய்து முடிக்க வேண்டும்.

ஒரு முயற்சி முடிந்ததும் ஆட்டம் நிற்கும். அடுத்து என்ன செய்வது என்று ஓரத்தில் நிற்பவர்கள் முடிவெடுக்க நேரம் கிடைக்கும். பயிற்சியாளரின் கை இந்த ஆட்டத்தில் இவ்வளவு ஓங்கியிருக்கக் காரணம் இதுதான். வாரம் ஒரு ஆட்டம், அதுவும் இலையுதிர் காலத்தில் மட்டும். ராபின்சன் காலத்தில் ஒரு வருடத்துக்குப் பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு ஆட்டங்கள்தான். ஆக, 408 வெற்றி என்பது வேகமாகச் சேர்க்கக்கூடிய எண் இல்லை. எத்தனை திறமைசாலியாக இருந்தாலும் அரை நூற்றாண்டு அசையாமல் ஒரு இடத்தில் உட்கார வேண்டும்.

பிள்ளைகள் போவார்கள், தலைமையாசிரியர் இருப்பார்

முப்பது வருடம் ஒரே பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வருடா வருடம் பத்தாம் வகுப்பில் நல்ல தேர்ச்சி. பரீட்சை எழுதியது அவர் இல்லை. பாடம் நடத்தியதும் பெரும்பாலும் அவர் இல்லை. இந்த வருடம் மாநிலத்தில் பெயர் வாங்கிய பிள்ளைகள் அடுத்த ஜூனில் அங்கே இருக்க மாட்டார்கள். அவர்கள் இருந்த பெஞ்சில் புதுப் பிள்ளைகள் இருப்பார்கள். ஆனாலும் ஊரில் பெயர் அவருக்குத்தான். நியாயமும் கூட. நல்ல ஆசிரியர்களைப் பிடித்து வைத்தது, பிள்ளைகளை வீட்டிலிருந்து பள்ளிக்கு வரவைத்தது, ஒழுங்கை விடாமல் காத்தது எல்லாம் அவர் வேலை. அதே ஊரில் யாராவது ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, “சேர்க்கும்போதே பொறுக்கிச் சேர்த்தால் தேர்ச்சி வராமல் என்ன செய்யும்?” என்று கேட்பதும் உண்டு. அந்தத் திண்ணைக்காரரின் கேள்வியை மறக்காதீர்கள். அதுதான் இந்தக் கட்டுரை முழுக்க வரப்போகிறது.

கல்லூரி ஃபுட்பாலில் தலைமைப் பயிற்சியாளர் ஏறக்குறைய அந்தத் தலைமையாசிரியர். தொழில்முறை அணிகள் வீரரைச் சம்பளம் கொடுத்துப் பத்து வருடம் வைத்துக்கொள்ளலாம். கல்லூரி அணியில் இருப்பவர் மாணவர். அவர் மொத்தம் நான்கு சீசன்தான் ஆடலாம். இந்தத் தகுதிக்காலத்துக்கு எலிஜிபிலிட்டி என்று பெயர். அது தீர்ந்தால் எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். எனவே நான்கு வருடத்துக்கு ஒருமுறை முழு அணியும் கரைந்து, புது அணி எழ வேண்டும். ராபின்சன் அப்படிப் பதின்மூன்று, பதினான்கு அணிகளைக் கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

புது ஆட்களை வருடா வருடம் தேடிப் பிடிக்கும் வேலைக்கு ரெக்ரூட்டிங் என்பார்கள். உயர்நிலைப் பள்ளிகளில் ஆடும் பையன்களைப் பார்த்து, அவர்கள் வீட்டுக்குப் போய், அம்மாவிடம் பேசி, “எங்கள் கல்லூரிக்கு அனுப்புங்கள்” என்று கேட்பது. ஆட்டத்தன்று ஓரத்தில் நின்று கத்துவதைத்தான் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். உண்மையான வேலை யாரோ ஒருவர் வீட்டு முன்னறையில் நடந்து முடிந்திருக்கும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: வீரர்கள் நான்கு வருடத்தில் போய்விடுவார்கள், பயிற்சியாளர் தங்குவார். அவருடைய நீண்டகால வெற்றி, ஆட்களை விடாமல் சேர்க்கும் திறமையில் இருக்கிறது.

மாதம் 63 டாலர் 75 சென்ட்

எடி ராபின்சன் 1919 பிப்ரவரி 13 அன்று லூயிசியானாவில் ஜாக்சன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா குத்தகை வயலில் பாடுபட்டவர், அம்மா வீட்டு வேலை செய்தவர். கறுப்பினக் குடும்பம். பேட்டன் ரூஜ் நகரில் வளர்ந்து, லேலண்ட் கல்லூரியில் க்வார்ட்டர்பேக்காக ஆடினார். படிப்பு முடிந்து அவருக்குக் கிடைத்தது ஒரு தீவன ஆலையில் கூலி வேலை, மணிக்கு 25 சென்ட்.

1941-ல், 22 வயதில், வடக்கு லூயிசியானாவில் கறுப்பின மாணவர்களுக்காக நடந்த ஒரு சின்னக் கல்லூரி அவரைப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. அப்போது அதன் பெயர் லூயிசியானா நீக்ரோ நார்மல் அண்ட் இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட். இந்த நீளப் பெயர் 1946-ல் கிராம்ப்ளிங் கல்லூரி என்றும், 1974-ல் கிராம்ப்ளிங் மாநிலப் பல்கலைக்கழகம் என்றும் மாறியது. வேலை கொடுத்தவர் கல்லூரித் தலைவர் ரால்ஃப் வால்டோ எமர்சன் ஜோன்ஸ். ராபின்சனின் மாதச் சம்பளம் 63 டாலர் 75 சென்ட்.

அந்தச் சம்பளத்துக்கு என்னென்ன செய்தார் என்று பார்த்தால், தலைமைப் பயிற்சியாளர் என்ற பதவிக்குப் பின்னால் இருக்கும் வேலை புரியும். மைதானத்தில் புல் வெட்டியது அவர். சுண்ணாம்புக் கோடு போட்டது அவர். பையன்களின் கணுக்காலில் பட்டி சுற்றியது அவர். சம்பளம் வாங்கும் உதவிப் பயிற்சியாளர் என்று யாரும் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் அதைப் பற்றிச் செய்தி எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புவதும் அவர்தான். வெளியூர் போனால் சாப்பாடு தனிக் கவலை. தெற்கு மாநிலங்களின் இனப்பாகுபாட்டுச் சட்டம் அப்போது கெட்டியாக இருந்தது. வெள்ளையர் உணவகத்தில் கறுப்பினப் பையன்கள் உட்கார முடியாது. அதனால் புறப்படும் முன்பே சாண்ட்விச் செய்து கட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்கள்.

முதல் வருடம் 3 வெற்றி, 5 தோல்வி. அடுத்த வருடம், 1942-ல், 9 ஆட்டம் ஆடி ஒன்பதிலும் வெற்றி. ஒன்பது ஆட்டங்களிலும் எதிரணி ஒரே ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அதை நான் எத்தனை முறை படித்தாலும் ஒரு நொடி நின்றுதான் கடக்கிறேன்.

1943, 1944 இரண்டு வருடமும் போரால் கல்லூரியில் அணி இல்லை. ராபின்சன் கிராம்ப்ளிங் உயர்நிலைப் பள்ளி அணியைப் பார்த்துக்கொண்டார். அங்கே நடந்த ஒரு சம்பவத்தை அவரைப் பற்றி எழுதும் எல்லாரும் எழுதுகிறார்கள். பஞ்சு எடுக்கும் பருவம் வந்தது. அணியின் முக்கியமான இரண்டு பையன்களை அவர்களுடைய அப்பா வயலுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். வீட்டுக்கு அதுதான் வருமானம். அவரைக் குறை சொல்ல முடியாது. ராபின்சன் வாதாடவில்லை. மொத்த அணியையும் கூட்டிக்கொண்டு போய் வயலில் இறக்கினார். எல்லாரும் சேர்ந்து பஞ்சை எடுத்து முடித்தார்கள். பையன்கள் ஆடத் திரும்பினார்கள்.

ரெக்ரூட்டிங் என்றால் என்ன என்று ஒரு காட்சியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்லலாம். ஆளைக் கண்டுபிடிப்பது பாதி. அந்த ஆள் வராமல் தடுப்பது எது என்று பார்த்து, அதைத் தானே போய்த் தூக்கிவைப்பது மீதி.

எந்தக் குளத்தில் மீன்

இனித் திண்ணைக்காரரின் கேள்விக்கு வருவோம். ஐயாயிரம் பேர் இருக்கும் ஊரில், காசில்லாத கல்லூரியில், அவ்வளவு நல்ல ஆட்டக்காரர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள்?

விடை கசப்பானது. 1960-களின் பிற்பகுதி வரை தெற்கில் இருந்த பெரிய வெள்ளையர் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கறுப்பின வீரர்களைச் சேர்க்கவே இல்லை. அந்தப் பல்கலைக்கழகங்கள் ஆடும் சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் என்ற லீகில் முதல் கறுப்பின வீரர் களம் இறங்கியது 1967-ல், கென்டக்கி அணிக்காக. அதுவரை லூயிசியானாவின் பருத்தி வயல்களிலும் எண்ணெய் ஊர்களிலும் இருந்த பலசாலிக் கறுப்பினப் பையனுக்குத் தெற்கிலேயே படித்துக்கொண்டு ஆட வேண்டுமென்றால், கறுப்பினக் கல்லூரி ஒன்றுதான் வழி. வெள்ளையர் அணிகள் தங்களுக்குத் தாங்களே மூடிக்கொண்ட கதவு, ராபின்சனுக்குத் திறந்த வாசலாக இருந்தது.

ஆனால் திறந்த வாசல் அவருக்கு மட்டும் இல்லை. சதர்ன், டென்னசி ஸ்டேட், மார்கன் ஸ்டேட் என்று எத்தனையோ கறுப்பினக் கல்லூரிகள் அதே ஆட்களுக்குப் போட்டியிட்டன. அவற்றுக்கு நடுவே கிராம்ப்ளிங் எப்படி முன்னே நின்றது? என் பார்வையில் அதற்குப் பெரிய காரணம், இங்கிருந்து வெளியே போகும் பாதையை அவர் போட்டுக் காட்டியது.

அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். கறுப்பினக் கல்லூரிகளை நீண்ட நாள் கண்டுகொள்ளவே இல்லை. 1949-ல் கிராம்ப்ளிங்கின் பால் ‘டேங்க்’ யங்கரை லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது. கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து அந்த லீகுக்குப் போன முதல் ஆள் அவர். யங்கர் தோற்றுத் திரும்பினால் அடுத்தவனுக்கு வாய்ப்புக் கிடைக்க வெகுநாள் ஆகும் என்று ராபின்சன் சொல்லி அனுப்பினார். யங்கர் திரும்பவில்லை. பத்து சீசன் ஆடினார்.

அப்புறம் வரிசையாகப் போனார்கள். வில்லி டேவிஸ், வில்லி பிரவுன், சார்லி ஜாய்னர் ஆகியோர் பின்னாளில் தொழில்முறை ஃபுட்பாலின் புகழரங்கில் இடம் பெற்றவர்கள். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுத்துக்கொள்வதற்கு வீரர் தேர்வு என்று பெயர். 1963-ல், என்.எஃப்.எல்.-க்குப் போட்டியாக இருந்த அமெரிக்கன் ஃபுட்பால் லீகின் வீரர் தேர்வில் நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் கிராம்ப்ளிங்கின் பக் புக்கானன். மொத்தமாக 200-க்கும் மேற்பட்டவர்கள் ராபின்சன் கையிலிருந்து தொழில்முறை அணிகளுக்குப் போனார்கள். இப்படி ஒருவன் போய்ச் சம்பாதித்ததை ஊரில் பார்த்த அம்மா, தன் பையனை அடுத்த வருடம் அதே கல்லூரிக்கு அனுப்புவார். போனவர்கள்தான் வருபவர்களுக்கு விளம்பரம்.

பையன்களின் படிப்பு விஷயத்திலும் அவர் விடாப்பிடி. அதிகாலையில் கையில் மணியை ஆட்டிக்கொண்டு விடுதி வராந்தாவில் நடந்து, தூங்குபவர்களை எழுப்பி வகுப்புக்குத் துரத்துவார். இது அவரைப் பற்றிய பழக்கமான சித்திரம். அவரிடம் படித்தவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

சுருக்கமாக: இனப்பாகுபாடு ஒரு குளத்தை மூடி வைத்திருந்தது. அதில் வலை வீச உரிமை இருந்தவர்களில் ராபின்சன் திறமையானவர். இரண்டில் ஒன்றை மட்டும் சொன்னால் கணக்கு தப்பும்.

ஒரே திட்டம், மறுபடி மறுபடி

ஆட்ட நுணுக்கத்தைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். ராபின்சன் ஆடவைத்தது விங்-டி என்ற அமைப்பு. க்வார்ட்டர்பேக்குக்குப் பின்னால் ஓட்டக்காரர்கள் நிற்பார்கள், ஒருவர் மட்டும் வரிசையின் ஓரத்துக்கு வெளியே தள்ளி நிற்பார். பந்து புறப்பட்டதும் இரண்டு மூன்று பேர் ஆளுக்கொரு திசையில், பந்து தன் கையில் இருப்பதைப் போலக் குனிந்து ஓடுவார்கள். யாரைத் துரத்துவது என்று எதிரணி குழம்புகிற அந்த ஒரு நொடிதான் முதலீடு. இந்த அமைப்புக்குப் பிரத்யேகமான ஆட்கள் வேண்டும் என்பதைவிட, ஓயாத ஒத்திகை வேண்டும். நான்கு வருடத்தில் ஆள் மாறிவிடும் ஒரு இடத்துக்கு அது பொருந்தியது. ஆள் மாறினாலும் பாடம் மாறாது.

அதற்காக அவர் பிடிவாதமாக அதிலேயே உட்கார்ந்தார் என்றும் இல்லை. நல்ல எறிகை உள்ள க்வார்ட்டர்பேக் கிடைத்தபோது எறிவதற்கு வழிவிட்டார். இதன் பின்னணி முக்கியம். கறுப்பின வீரரால் ஓட முடியும், தடுக்க முடியும், ஆனால் க்வார்ட்டர்பேக்காக யோசித்து அணியை நடத்த முடியாது என்ற எண்ணம் தொழில்முறை அணிகளில் வெளிப்படையாகவே இருந்தது. கல்லூரியில் க்வார்ட்டர்பேக்காக இருந்த கறுப்பினப் பையனை எடுத்ததும் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். ராபின்சன் ஜேம்ஸ் ஹாரிஸை அந்த இடத்துக்கென்றே தயார் செய்தார். 1969 சீசனில் தொழில்முறை அணியான பஃபலோ பில்ஸின் முதல் ஆட்டத்தை ஹாரிஸ் க்வார்ட்டர்பேக்காகத் தொடங்கினார். தொழில்முறை ஃபுட்பாலின் நவீன காலத்தில் ஒரு சீசனின் முதல் ஆட்டத்தை அப்படித் தொடங்கிய முதல் கறுப்பினத்தவர்.

அவருக்குப் பின் டக் வில்லியம்ஸ். 1978 வீரர் தேர்வில் முதல் சுற்றிலேயே டாம்பா பே அணிக்குப் போனவர். பின்னர் வாஷிங்டன் அணிக்கு வந்து, 1988 ஜனவரி 31 அன்று சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் களம் இறங்கினார். முதல் கால்பகுதி முடிந்தபோது டென்வர் 10, வாஷிங்டன் 0. இரண்டாம் கால்பகுதியில் மட்டும் வாஷிங்டன் 35 புள்ளி எடுத்தது. அதில் வில்லியம்ஸ் எறிந்த டச்டவுன்கள் நான்கு. கடைசியில் 42-10. ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே. அரங்கில் உட்கார்ந்து ராபின்சனும் பார்த்தார். அந்த வெற்றி அவருடைய 408-ல் சேராது. கிராம்ப்ளிங்கில் அவர் செய்த வேலையை அளக்க அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

எண்ணுகிற விதிகள்

ராபின்சனின் முழுக் கணக்கு: 408 வெற்றி, 165 தோல்வி, 15 சமன். மொத்தம் 588 ஆட்டங்கள். போர்க்காலத்து இரண்டு வருடங்களைக் கழித்தால் 55 சீசன்கள். சராசரியாகப் பார்த்தால் சீசனுக்கு ஏழு வெற்றிக்குச் சற்று மேல். அந்த 15 சமன்களையும் கவனியுங்கள். பெரிய கல்லூரி அணிகளின் ஆட்டங்களில் கூடுதல் நேரம் என்ற விதி முழுமையாக வந்தது 1996-ல். அதன் பிறகு சமன் என்பதே கிடையாது. இன்றைய பயிற்சியாளரின் கணக்கில் அந்த மூன்றாவது எண் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

1985 அக்டோபர் 5 அன்று டாலஸ் நகரின் காட்டன் பவுல் அரங்கில் ராபின்சன் தன் 324-வது வெற்றியைப் பெற்றார். அதோடு பேர் பிரையன்ட்டின் 323 பின்தங்கியது. அலபாமா பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளராக இருந்த பிரையன்ட் அந்த மாநிலத்தின் தெய்வம். அப்போதே முணுமுணுப்பு எழுந்தது: பிரையன்ட் பெரிய பல்கலைக்கழகங்களோடு மோதினார், ராபின்சன் சின்னக் கறுப்பினக் கல்லூரிகளோடுதானே?

மேலோட்டமாக நியாயமான கேள்விதான். ஆனால் யாரோடு மோதுவது என்பது ராபின்சன் தேர்ந்தெடுத்தது இல்லை. அலபாமாவும் அதைப் போன்ற அணிகளும் பல பத்தாண்டுகள் கிராம்ப்ளிங்குடன் ஒரே மைதானத்தில் நிற்க மறுத்தன. மறுத்துவிட்டு, “நீ எங்களோடு ஆடவில்லையே” என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

இருந்தாலும் ஆட்டத்தின் தரம் பார்க்காமல் எண்களை அடுக்கவும் முடியாது. இதற்காகத்தான் டிவிஷன்கள். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு, கல்லூரிகளைப் பணபலத்தையும் உதவித்தொகையையும் வைத்து அடுக்குகளாகப் பிரித்திருக்கிறது. முதல் டிவிஷனில் விளையாட்டுக்காகவே முழு உதவித்தொகை கொடுத்து ஆளைச் சேர்க்கலாம். மூன்றாம் டிவிஷனில் அப்படிக் கொடுக்கவே கூடாது.

489 வைத்திருக்கும் ஜான் கலார்டி அந்த மூன்றாம் டிவிஷன் ஆள். மினசோட்டாவின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் 1953 முதல் 2012 வரை இருந்தார். அதற்கு முன் மொன்டானாவில் நான்கு சீசன். அவரைப் படிக்கப் படிக்கச் சுவாரசியம். பயிற்சியில் ஒருவரையொருவர் மோதித் தள்ளக் கூடாது. விசில் கிடையாது. தன்னைக் ‘கோச்’ என்று கூப்பிடவும் விடமாட்டார். ஜான் என்றால் போதும். ஃபுட்பால் பயிற்சி என்றால் வதை என்று இருந்த காலத்தில் இப்படி 64 சீசன் ஓட்டி, நான்கு தேசியப் பட்டமும் வாங்கியிருக்கிறார். அவருடைய 489-ஐ ராபின்சனின் 408-உடன் நேராக நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. இருவரும் வேறு வேறு நிபந்தனைகளில் ஆள் சேர்த்தவர்கள்.

பட்டர்னோவின் 409 வேறு ரகம். பென்சில்வேனியாவின் பென் ஸ்டேட்டில் 1966 முதல் தலைமைப் பயிற்சியாளர். 2011 அக்டோபர் 29 அன்று 409-வது வெற்றியோடு ராபின்சனைத் தாண்டினார். பதினோரு நாளில் வேலை போயிற்று. அவருடைய முன்னாள் உதவிப் பயிற்சியாளர் ஜெரி சண்டஸ்கி சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கிய வழக்கில் கைதானார். 2001-லேயே ஒரு சம்பவம் தன் காதுக்கு வந்தும் பட்டர்னோ மேலிடத்துக்குச் சொன்னதோடு நின்றுவிட்டார் என்பது குற்றச்சாட்டு. 2012-ல் என்.சி.ஏ.ஏ., 1998 முதலான பென் ஸ்டேட்டின் வெற்றிகளை வெக்கேட் செய்தது. அதாவது பதிவேட்டிலிருந்து அழித்தது. தோற்ற அணிக்கு வெற்றி போகாது. வென்ற அணியின் கணக்கிலிருந்து மட்டும் நீங்கும். 409 ஒரே நாளில் 298 ஆனது. 2015 ஜனவரியில் ஒரு வழக்குச் சமரசத்தில் எல்லாம் திரும்பி வந்து மறுபடி 409.

நடந்த ஆட்டம் நடந்ததுதான். எண் மட்டும் இறங்கி, ஏறியது. பதிவேட்டு எண் என்பது நிர்வாக முடிவும் கூட என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டியது அவ்வளவே: டிவிஷன், சமன் விதி, வெக்கேட். இவை மூன்றையும் பார்க்காமல் இரண்டு பயிற்சியாளர்களின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

குளம் திறந்தபோது

1970 செப்டம்பரில் பர்மிங்ஹாமில் நடந்த ஒரு ஆட்டம் பற்றி நிறையக் கதை உண்டு. தெற்கு கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கறுப்பின ஓட்டக்காரர் சாம் கனிங்ஹாம் அலபாமாவைப் பிய்த்து எறிந்தார், 42-21. அந்த ஒரு தோல்வியால்தான் பிரையன்ட் கறுப்பின வீரர்களைச் சேர்த்தார் என்பார்கள். கதை அழகு, உண்மை சற்று வேறு. வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின வீரர் ஏற்கெனவே அலபாமாவில் சேர்ந்திருந்தார். முதல் வருட மாணவர் ஆடக் கூடாது என்ற அன்றைய விதியால் அவர் அன்று களத்தில் இல்லை. கதவு திறக்கத் தொடங்கிவிட்டது. அந்த ஆட்டம் அதை அகலமாக்கியது, அவ்வளவுதான்.

திறந்த கதவு, நாட்டுக்கு நல்லது. பையன்களுக்கு நல்லது. கிராம்ப்ளிங்கின் அணிக்குக் கெடுதல். முன்பு ராபின்சனிடம் வந்திருக்கக்கூடிய பையனுக்கு இப்போது பெரிய அரங்கம், பெரிய விடுதி, வாராவாரம் தொலைக்காட்சி என்று அலபாமாவும் லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யூ.வும் ஆசை காட்டின.

ராபின்சன் பணமில்லாத இடத்தில் புகழை வைத்து ஈடுகட்டப் பார்த்தார். அதற்குக் கல்லூரியின் விளம்பர அதிகாரி காலி நிக்கல்சன் வலது கை. 1968-ல் நியூயார்க்கின் யாங்கீ அரங்கில் மார்கன் ஸ்டேட்டோடு ஆடினார்கள். 60,000-க்கும் மேல் கூட்டம், கிராம்ப்ளிங் 9-7 என்று தோற்றது. 1974-ல் சதர்ன் பல்கலைக்கழகத்துடனான பழைய பகையை நியூ ஆர்லியன்ஸுக்குக் கொண்டுபோய், பேயூ கிளாசிக் என்று பெயர் வைத்து வருடாந்தரத் திருவிழா ஆக்கினார்கள். 1976-ல் டோக்கியோவிலேயே ஒரு ஆட்டம். கிராம்ப்ளிங்குக்குச் சொந்த ஊரில் கூட்டம் சேர்க்க ஊர் பத்தாது. அதனால் ஊர் ஊராகப் போனார்கள்.

இந்த உத்தி ஆச்சரியப்படும் அளவுக்கு நீடித்தது. கதவு திறந்து இருபது வருடத்துக்குப் பிறகும், 1994-ல், தங்கள் லீக் பட்டத்தில் கிராம்ப்ளிங் பெயர் இருந்தது. மொத்தம் 17 லீக் பட்டங்கள். 1995-ல் 400-வது வெற்றி. அதன் பின் சரிவு. 1996-ல் 3 வெற்றி, 8 தோல்வி. கல்லூரி நிர்வாகம் அவரை அனுப்பிவிடப் பார்த்தது. மாநிலமே கொதித்ததால் இன்னும் ஒரு வருடம் கொடுத்தார்கள். அந்த 1997-லும் 3 வெற்றி, 8 தோல்வி. கடைசி ஆட்டம் பேயூ கிளாசிக், சதர்னிடம் தோல்வி. கடைசி இரண்டு வருடத்தைப் பார்த்து “கிழவருக்கு மூளை மழுங்கிவிட்டது” என்று எழுதியவர்கள், 1942-ஐப் பார்த்து “மேதை” என்று எழுதியவர்கள் செய்த அதே தவறைத்தான் செய்தார்கள். ஆள் சேரும் வழி அடைபட்டதைக் கணக்கில் எடுக்கவில்லை. 2007 ஏப்ரலில், 88 வயதில், ராபின்சன் இறந்தார். கடைசி வருடங்களில் அல்சைமர் நோய் அவரைப் பிடித்திருந்தது.

இன்று அதே நாற்காலி

இப்போது தலைமைப் பயிற்சியாளரின் கவலை வேறு. 2018 முதல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற ஒரு பதிவேடு இருக்கிறது. வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர் அதில் தன் பெயரைப் போட்டுவிட்டால் மற்ற கல்லூரிகள் அவரை நேரடியாகக் கூப்பிடலாம். 2021 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம். ஆக, நான்கு வருடம் என்ற பழைய சுழற்சியே கலகலத்துவிட்டது. புதுப் பையனைத் தேடுவதோடு, இருக்கிற பையனிடமும் டிசம்பரில் “அடுத்த வருடமும் இரு தம்பி” என்று கேட்க வேண்டியிருக்கிறது. அயோவாவில் 1999-ல் பொறுப்பேற்ற கர்க் ஃபெரன்ட்ஸ் போல ஓரிருவர் இன்னும் ஒரே இடத்தில் கால் நூற்றாண்டைத் தாண்டுகிறார்கள். மற்றவர்கள் நான்கைந்து வருடத்தில் ஒன்று துரத்தப்படுகிறார்கள், இல்லை பெரிய சம்பளத்துக்குத் தாவுகிறார்கள்.

கிராம்ப்ளிங்கில் ராபின்சனின் நாற்காலிக்கு 1998-ல் வந்தவர் அவருடைய மாணவர் டக் வில்லியம்ஸ். 2000, 2001, 2002 மூன்று வருடமும் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். பிறகு விலகி, 2011-ல் திரும்பி வந்தார். இந்த முறை கதை வேறு மாதிரி போயிற்று. மாநில அரசு உயர்கல்விக்கான நிதியை வருடா வருடம் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. 2013 செப்டம்பரில் வில்லியம்ஸ் நீக்கப்பட்டார். அடுத்த மாதம் வீரர்கள் பஸ் ஏற மறுத்தார்கள். பயிற்சிக் கூடத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது, தரை பெயர்ந்திருக்கிறது, நூற்றுக்கணக்கான மைல் பஸ்ஸிலேயே உட்கார்ந்து போய் இறங்கி ஆட வேண்டியிருக்கிறது என்று கல்லூரிக்குக் கடிதம் எழுதினார்கள். ஜாக்சன் ஸ்டேட்டுடன் நடக்க வேண்டிய ஆட்டம் நடக்கவில்லை. கிராம்ப்ளிங்குக்குத் தோல்வி என்று பதிவானது.